வாட்டர்லூ ஸ்திரீட்டில் துப்பாக்கி பிடித்த தமிழ்ப் பெண்கள்

போன தவணையில் உயர்நிலை இரண்டு மாணவர்களிடம் ஒரு சாகசக் கதை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி எழுதிய கதை இது. தேக்கா சந்தைப் பக்கம் ஒரு பாட்டியின் பையைப் பறித்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி அவனைத் துரத்திப் போய், ஒரே உதையில் கீழே தள்ளுகிறாள். கதை விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் யூகி. ஜப்பானில் கராத்தே கற்றவளாம்.

"ஏம்மா, ஒரு தமிழ்ப் பொண்ணு பேரே உனக்குத் தோணலையா?" என்று கேட்டேன்.

"தமிழ்ப் பொண்ணுங்க சண்டை கத்துக்கிட்ட மாதிரி நான் எதுலயும் படிச்சதே இல்லையே டீச்சர்" என்றாள்.

உடனே சிவகங்கை வேலு நாச்சியாரைப் பற்றிச் சொன்னேன். சிறுவயதிலேயே சிலம்பமும் வளரியும் குதிரையேற்றமும் பழகியவர் என்று மக்கள் இன்றும் பேசுகிறார்கள். கணவர் 1772ல் கொல்லப்பட்ட பிறகு, ஹைதர் அலியின் உதவியோடு 1780ல் சிவகங்கையை மீட்டார் என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அது ஊர்ல நடந்தது டீச்சர், ரொம்பப் பழசு" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளுக்குத் தெரிந்த தெருவில் நடந்த கதை வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது, அதுவும் தேக்காவிலிருந்து கால் மணி நேர நடையில்.

கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற வாட்டர்லூ ஸ்திரீட் நம் எல்லாருக்கும் தெரியும். 1943 அக்டோபர் 22 அன்று, இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படைக்கான பயிற்சி முகாம் அந்தத் தெருவில்தான் தொடங்கியது. முழுக்க முழுக்கப் பெண்களுக்கான படை அது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்து, 'சியோனான்' என்ற பெயரைப் பெற்றது. அடுத்த ஆண்டு ஜூலை 2ல் சுபாஷ் சந்திர போஸ் இங்கு வந்து சேர்ந்தார். ஜூலை 9ல் பாடாங் திடலில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் பேசியபோது, பெண்களும் ஆயுதம் ஏந்த வரவேண்டும் என்று அழைத்தார். மூன்றே நாளில், ஜூலை 12ல், பெண்கள் கூட்டம் ஒன்று நடந்தது. சுமார் இருபது பெண்கள் துப்பாக்கியோடு நின்று அவருக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். அந்தத் துப்பாக்கி ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு கிலோ எடை. அவர்களைத் திரட்டியவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சென்னையில் பிறந்து, மருத்துவம் படித்து, 1940ல் சிங்கப்பூருக்கு வந்தவர். பிறகு அவரே படைக்குத் தலைமை தாங்கி, கேப்டன் லட்சுமி ஆனார்.

சேர்ந்தவர்கள் யார்? கோலாலம்பூர் ஜானகி தேவருக்கு அப்போது பதினெட்டு வயது. போஸின் பேச்சைக் கேட்டுவிட்டுத் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தவர். படையில் சேர அப்பாவுக்கு முதலில் சம்மதமில்லை. விடாப்பிடியாக நின்று சேர்ந்தார். ஈப்போவில் பிறந்த ராசம்மாவுக்குப் பதினாறு. அக்கா பொன்னம்மாவோடு வந்தார். ஆனால் படையில் பெரும்பாலோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்களும் இருந்தார்கள்.

முகாமில் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, கால்சட்டை போட்டு, அணிவகுப்பும் நெடுந்தூர நடையும் பழகினார்கள். துப்பாக்கி சுடுவது, துப்பாக்கிமுனைக் கத்தியால் பாய்ந்து குத்துவது, எறிகுண்டு வீசுவது எல்லாம் கற்றார்கள். சிலர் தாதிமைப் பயிற்சி பெற்றார்கள். தமிழாசிரியர்களான நமக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. ராணுவக் கட்டளைகள் இந்துஸ்தானியில் இருந்தன. பாடமோ ரோமன் எழுத்தில். வீட்டில் தமிழ் மட்டும் பேசிய பெண் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது இன்னொரு மொழியை!

இனி, சாகசக் கதை என்றால் அடுத்து பெரிய போர்க்களம் வரவேண்டும். வரலாற்றில் அது வரவில்லை. 1944ல் இந்தப் பெண்கள் பர்மாவுக்குப் போனார்கள். அதற்குள் இம்பால் படையெடுப்பு தோற்றுக்கொண்டிருந்தது. அவர்களைப் போர்முனைக்கு அனுப்பவே இல்லை. மேமியோவில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்துக்கொண்டார்கள். 1945 ஏப்ரல் 24 இரவு ரங்கூனிலிருந்து போஸோடு பின்வாங்கினார்கள். விமானத் தாக்குதலுக்குப் பயந்து பகலில் மறைந்திருந்து, இரவில் நடந்து, கிடைத்த லாரியில் ஏறி, சுமார் மூன்று வாரம் கழித்து பேங்காக் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் குழுவில் ஜானகியும் இருந்தார். வேறொரு குழு ரயிலில் திரும்பியபோது நடந்த தாக்குதலில் இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது, "அப்போ அவங்க சண்டையே போடலியா?" என்று ஒரு பையன் ஏமாற்றத்தோடு கேட்டான். நல்ல கேள்வி. கற்ற வித்தையைக் காட்ட வாய்ப்பே கிடைக்காமல், ராத்திரி முழுக்கச் சேற்றில் நடக்கிறது வீரமா இல்லையா என்று திருப்பிக் கேட்டேன். அன்றைக்குப் பாடத்திட்டத்தில் இருந்தது நடக்கவில்லை. இந்த விவாதம்தான் நடந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் படை நின்றது ஜப்பானியரின் துணையோடு. அதே 1943ல், அதே தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. சிங்கப்பூர்ச் சீனக் குடும்பங்களுக்கு அந்த ஆண்டுகள் படுகொலையின் நினைவு. ஆகவே 'வீரத் தமிழச்சிகள்' என்று மட்டும் பாடம் நடத்தினால் பாதி உண்மைதான் சொன்னவர்கள் ஆவோம். உயர்நிலை மாணவர்களுக்கு இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ளும் வயது வந்துவிட்டது என்பது என் அனுபவம்.

போருக்குப் பிறகு ஜானகி மலேசிய நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானார். 2000ல் இந்தியா பத்மஸ்ரீ விருது கொடுத்தது. ராசம்மா பூபாலன் நம்மைப் போல ஆசிரியரானார். 1960ல் பெண் ஆசிரியர்கள் சங்கம் தொடங்கி, ஆண்களுக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடினார். இவர்கள் படித்தவர்கள். பேட்டி கொடுத்தார்கள், இவர்களைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன. தோட்டத்திலிருந்து வந்து தோட்டத்துக்கே திரும்பிய பெண்கள் சொன்னது மிகக் கொஞ்சம்தான் பதிவாகியிருக்கிறது. திரும்பி வந்தவளை வீட்டில் எப்படிப் பார்த்தார்கள்? மறுநாள் காலையில் பால் வெட்டப் போனாளா? மாணவர்களின் கற்பனைக்கு இடம் இருப்பது இங்கேதான்.

வாய்ப்பிருந்தால் கற்றல் பயணமாகவே போய்வாருங்கள். தேக்காவிலிருந்து வாட்டர்லூ ஸ்திரீட், அங்கிருந்து பாடாங், கடைசியில் எஸ்பிளனேட் பூங்கா. 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய ஐஎன்ஏ நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரில் இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தைக் காட்டும் கல் 1995ல் வைக்கப்பட்டது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்தி எழுதச் சொல்லலாம். சண்டைக் காட்சி கூடாது என்ற ஒரே நிபந்தனை போதும்.

என் மாணவி கதையை மாற்றி எழுதிக் கொடுத்தாள். யூகி போய், செல்லம்மா வந்திருந்தாள். முகாமில் முதல் நாள். கையில் துப்பாக்கி, கட்டளை புரியவில்லை, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துப் பார்த்துத் திரும்புகிறாள். கதை அதோடு நின்றுவிட்டது. "மீதி?" என்றேன். "இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன் டீச்சர்" என்றாள்.