மௌனம் சாட்சியாகுமா? ரண சிகிச்சையில் ரேடியோ அலை அடையாளச் சில்லுகள்

வயிற்றைத் திறந்து ரண சிகிச்சை செய்யும்போது இரத்தத்தை ஒற்றியெடுக்கவும் குடலை ஒதுக்கி வைக்கவும் உபயோகமாகும் காஸ் துணிகளில் ஒன்று, தையல் போட்டு முடித்த பிறகும் நோயாளியின் உடலுக்குள்ளேயே தங்கிவிடுவதுண்டு. இதைத் தடுப்பதற்கென்றே, சிகிச்சை தொடங்குமுன் ஒரு முறையும் வயிற்றை மூடுமுன் ஒரு முறையும் இருவர் சேர்ந்து துணிகளை வாய்விட்டு எண்ணும் வழக்கம் ஆபரேஷன் தியேட்டர்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்த எண்ணிக்கைக்குத் துணையாக, ஒவ்வொரு துணியிலும் ஒரு சிறு சில்லைத் தைத்து வைத்து, ரேடியோ அலையால் அதைத் தேடிக் காணும் முறை, ஆர்.எஃப்.ஐ.டி. என்று சுருக்கமாக வழங்குவது, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்திய உலகுக்கு வந்து சேர்ந்தது. அதன் சாட்சியத்தை எந்த நிபந்தனையின்மேல் ஏற்கலாம் என்பதே இக்கட்டுரையின் விசாரம்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு, அதுல் கவாண்டேயும் அவருடைய சகாக்களும் 2003-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ பத்திரிகையில் வெளியிட்ட ஆராய்ச்சி தக்க ஆதாரம். மாஸசூசெட்ஸ் மாகாணத்தில் 1985 முதல் 2001 வரை நஷ்ட ஈட்டுக் கோரிக்கைகளாக வந்தவற்றிலிருந்து, உடலுக்குள் அந்நியப் பொருள் விடப்பட்ட 54 நோயாளிகளின் விவரங்களை அவர்கள் பரிசீலித்தார்கள். தங்கிய பொருள்களில் 69 சதவீதம் காஸ் துணிகள், 37 பேருக்கு மறுபடியும் ரண சிகிச்சை செய்ய நேர்ந்தது, ஒருவர் இறந்துபோனார். இவற்றைவிட என் மனத்தை உறுத்துவது வேறொன்று: எண்ணிக்கை எடுக்கப்பட்டவர்களில் 88 சதவீதத்தினர் விஷயத்தில் கடைசி எண்ணிக்கை சரியென்றே கொள்ளப்பட்டிருந்தது. எண்ணாமல் விட்ட அலட்சியத்தால் அல்ல, எண்ணி, சரியென்று நம்பி, அந்த நம்பிக்கையோடு வயிற்றை மூடியதனாலேயே அந்நோயாளிகளிற் பெரும்பாலோர் அந்நியப் பொருளைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினார்கள். இரத்தத்தில் தோய்ந்து ஒட்டிக்கொண்ட இரண்டு துணிகள் களைத்த கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். அதைக் கொண்டு எண்ணுகிறவரைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று.

சில்லின் தத்துவம் எளியது. அதற்கு மின்கலம் கிடையாது. படிப்பான் கருவி வீசும் அலையிலிருந்தே சக்தி பெற்று, அதே அலையைச் சிறிது மாற்றிப் பிரதிபலிப்பதன் மூலமாகத் தன் எண்ணைத் தெரிவிக்கிறது. பிரதிபலித்த சக்தியால் செய்தி அனுப்பலாமென்று ஹாரி ஸ்டாக்மன் 1948-லேயே எழுதியிருந்தார். ஒவ்வொரு சில்லுக்கும் தனி எண் உண்டாகையால், ஒட்டிக்கிடக்கும் இரு துணிகளும் இரண்டாகவே பதில் சொல்லும். ஸ்டான்ஃபோர்டில் மகாரியோவும் சகாக்களும் எட்டு நோயாளிகளிடம் செய்த பரீட்சை 2006-ல் வெளியாயிற்று: ஒரு சர்ஜன் துணியை வைத்து வயிற்றின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கைக்கருவியை மேலே நகர்த்தினார்; சராசரியாக மூன்று விநாடிக்குள் எல்லாத் துணிகளும் தவறின்றிக் கண்டுபிடிக்கப்பட்டன. மகிழத்தக்க முடிவுதான். ஆனால் பல்லாயிரம் சிகிச்சைகளில் ஒரு முறை நேரும் விபத்தைப்பற்றி எட்டுப் பேரைக் கொண்டு அறுதியிட்டுச் சொல்ல இயலாது.

கருவி ஒலித்தால் சிக்கலில்லை. துணி இருக்கிறது, எடுத்துவிடலாம். அது மௌனமாயிருக்கும்போதுதான் கேள்வி எழுகிறது, ஏனெனில் சர்ஜன் ஊசியைக் கையிலெடுப்பது அந்த மௌனத்தை நம்பித்தான். இல்லாமையை எவ்வாறு அறிவது என்பது நம் தர்க்கவாதிகள் நன்றாக அலசிய பிரச்சினை. சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார், அபாவத்தையும், அதாவது இன்மையையும், அளவைகளில் ஒன்றாகச் சிலர் கொள்வதை எடுத்துச் சொல்கிறது. குமாரில பட்டரின் மரபைச் சேர்ந்த மீமாம்சகர்கள் அனுபலப்தி, அதாவது காணாமை, என்பதைத் தனிப் பிரமாணமாகவே கொண்டு, அதற்கு ஒரு நிபந்தனையும் விதித்தார்கள். இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டிய இடத்தில் படாமற்போனால்தான் இல்லையென்று துணியலாம். வெளிச்சமுள்ள அறையில் குடத்தைக் காணோமென்றால் குடம் இல்லை, இருட்டறையில் காணோமென்றால் அதனால் ஒன்றும் ஏற்படாது. கைக்கருவிக்கும் இருட்டறைகள் உண்டு. அதி உயர் அதிர்வெண் அலைகளை உடலிலுள்ள நீர் விழுங்கிவிடும், 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப்புலமோ உடலை ஊடுருவினாலும் தூரம் கூடக் கூட விரைவில் நலியும், சில்லின் சுருள் புலத்துக்கு இணையாய்ச் சாய்ந்து கிடந்தால் அதை எழுப்பாமலே கடந்தும் போய்விடும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். எண்ணிக்கை தவறுவது மனிதனின் களைப்பால், கருவி தவறுவது பௌதிக விதியால்; காரணங்கள் வேறாதலால் இரண்டும் ஒருங்கே தவறுவது மிக அரிது, ஆகவே கவலைக்கு இடமில்லை என்பார்கள். இந்த வாதத்தின் பலத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். கருவியின் முழுப் பெருமையும் அதிலேதான் இருக்கிறது. ஆயினும் இரு சாட்சிகளும் ஒன்றையொன்று சாராதிருக்கும் அந்தச் சுதந்திரம் தானாகக் கிடைப்பதன்று. கவாண்டேயின் ஆராய்ச்சி சுட்டிய அபாயக் காரணங்களில் அவசர சிகிச்சை ஒன்று, உடற்பருமன் இன்னொன்று. பருத்த உடலில் துணி ஆழத்தில் மறைகிறது. அதே ஆழம் கருவியையும் பலவீனப்படுத்துகிறது. அவசரத்தில் எண்ணிக்கை பிசகுகிறது. அதே அவசரத்தில் கருவியை நகர்த்தும் கையும் ஒப்புக்கு ஒரு முறை போய்வருகிறது. துணி தங்குவதற்கு எவர் அதிகம் இலக்காகிறாரோ, அவரிடத்திலேயே இரு சாட்சிகளும் சேர்ந்து தடுமாறக்கூடும்.

துணியை மட்டுமின்றி நோயாளியையும் அடையாளம் காண, அவருடைய மணிக்கட்டுப் பட்டையில் இதே சில்லை வைப்பதைப்பற்றியும் ஒரு வார்த்தை. பார்கோடு முறையில் நர்ஸ் இந்த மருந்தை எடுத்து, இந்த நோயாளியின் பட்டையைக் குறிபார்த்துப் படிக்கிறார்; அந்தச் செய்கையில் அவருடைய சங்கற்பம் அடங்கியிருக்கிறது. ரேடியோ அலை கேளாமலே படிக்கும் இயல்புடையது. அடுத்த கட்டிலிலுள்ளவரின் பட்டையும் பதில் சொல்லக்கூடுமாகையால், யார் அருகில் இருக்கிறார் என்று அது கூறுமேயன்றி, மருந்து யாருக்கென்று கூறாது.

சாட்சியே தீங்கு செய்யவும் இடமுண்டு. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஆம்ஸ்டர்டாமில், நோயாளிகள் இல்லாத சூழலில், 41 வைத்திய சாதனங்களை இரு வகை ரேடியோ அலை அடையாள முறைகளின் அருகே வைத்துச் சோதித்து 2008-ல் ‘ஜாமா’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். 123 சோதனைகளில் 34 இடையூறுகள் நேர்ந்தன. அவற்றுள் 22 அபாயகரமானவை. சுவாச இயந்திரம் நின்றதும் மருந்து செலுத்தும் பம்ப் நின்றதும் அவற்றில் சேரும். காஸ் துணியைத் தேடும் கருவியின் அதிர்வெண் வேறாதலால் அம்முடிவை அப்படியே அதற்குப் பொருத்தலாகாது. ஆனால் தியேட்டரிலுள்ள ஒவ்வொரு சாதனத்தோடும் சேர்த்துச் சோதிக்காமல் அதை நுழையவிடவும் ஆகாது.

ஆகவே நான் வேண்டுவது இது. எண்ணிக்கையின் முடிவு கருவியைப் பிடிப்பவருக்கு முன்கூட்டித் தெரியலாகாது. ஒவ்வொரு முறையும் தேடுமுன், நோயாளியின் பருமனுக்குத் தக்க ஆழத்துக்கு அப்பால் ஒரு சில்லை வைத்து, கருவி ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒலித்தால்தான் பின்னால் வரும் மௌனத்துக்கு அர்த்தம் உண்டு. தேடும்போது கருவியை ஒரே வாட்டத்தில் நகர்த்தாமல் குறுக்கும் நெடுக்கும் சாய்த்துப் பிடிக்க வேண்டும். எண்ணிக்கையும் கருவியும் முரண்பட்டால், சரியென்று சொல்லும் தரப்பை நம்பாமல், சரியில்லையென்று சொல்லும் தரப்பையே நம்பி, காஸ் துணியில் இதற்கென்றே நெய்து வைத்திருக்கும் இழை நிழலாய் விழுகிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே வயிற்றை மூட வேண்டும்.