கை கற்பித்த எழுத்து

மதுரைக்கு வடகிழக்கே, மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரம் மலைக்குகைகளில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் தாங்கிய தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. 1882இல் இராபர்ட் சீவெல் அவற்றைக் கண்டார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என 1924இல் கே. வி. சுப்பிரமணிய அய்யர் எடுத்துக்காட்டினார். உளி வெட்டிய எழுத்துகளாதலின் அவற்றில் நேர்க்கோடுகளே மிகுதி. ஆயினும் எழுத்து கல்தச்சர்க்கு மட்டும் உரியதன்று. 2015இல் தொடங்கிய கீழடி அகழாய்வில் கிடைத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் கீறப்பட்டிருக்கக் காண்கிறோம்.

ஓலை பெருகியபோது எழுத்தின் உருவமும் மாறியது. எழுத்தாணியின் நேர்க்கோடு ஓலையை நரம்புவழியே கிழிக்கும். வளைகோடு அவ்வாறு கிழிக்காது. வட்டெழுத்து வளைந்தமைக்கு இதுவே காரணம் என்பர் அறிஞர் பலர். ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையின் கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டில் அதனைக் காணலாம். பத்தாம் நூற்றாண்டில் சோழர் பாண்டிய நாட்டை வென்றபின் அவ்வெழுத்து இங்கு மெல்ல வழக்கிழந்தது. மொழி வாழ்ந்தது, எழுதும் கை ஓய்ந்தமையால் படிக்கும் கண்ணும் மறைந்தது.

கையே கண்ணுக்கு ஆசான் என்பதை நம் திண்ணைப் பள்ளிகள் அறிந்திருந்தன. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே வாய்விட்டு ஒலித்தனர். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் இம்முறையைக் கண்டு வியந்து தம் இல்லத்தில் கையாண்டார். பின்னர் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் சென்றது.

என் முனைவர் பட்ட ஆய்வின்போது ஓலைச்சுவடி ஒன்றை முதன்முதலாக விரித்தேன். மெய்க்குப் புள்ளியில்லை, எகர ஏகார வேறுபாடில்லை, சொற்களுக்கு இடையே இடைவெளியுமில்லை. பல நாள் நோக்கியும் விளங்காத அவ்வேட்டை, வரிவரியாகத் தாளில் பார்த்தெழுதத் தொடங்கிய பின்னரே படிக்க இயன்றது. கண் தாண்டிச் சென்ற சுழியைக் கை தாண்டவில்லை.

இன்று என் மாணவியர் கைப்பேசியில் விரைந்து தமிழ் எழுதுகின்றனர். அது மகிழ்ச்சியே. ஆயின் அவர்தம் பாட்டனார் கடிதத்தைக் கொடுத்தால் படிக்க இடர்ப்படுகின்றனர். வட்டெழுத்துக்கு நேர்ந்தது நம் கூட்டெழுத்துக்கும் நேர்ந்துவிடுமோ என அஞ்சுகிறேன்.

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவில் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அரங்கேற்றும் கவிதையின் கையெழுத்துப்படி ஒன்றையும் வட்டத்திற்கு அளியுங்கள். அடித்தலும் திருத்தலும் அதில் அப்படியே இருக்கட்டும். கவிதை பிறந்த வழியை அச்சுப்படி சொல்லாது, அத்தாள் சொல்லும்.