கரீமாவின் மூலப்படி

கடன் பத்திரத்துக்குச் சாட்சி சொல்ல இரண்டு ஆண்கள் கிடைக்காவிட்டால் ஓர் ஆணும் இரு பெண்களும் வேண்டும் என்கிறது குர்ஆனின் 2:282ஆம் வசனம். இஸ்லாமிய வரலாற்றில் பெண்ணின் நிலையைப் பேச வருகிறவர்கள் பலர் இந்த வசனத்தோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வசனத்தை ஏற்ற மார்க்க அறிஞர்களே சாட்சியம் வேறு, ஹதீஸ் என்னும் நபிமொழி அறிவிப்பு வேறு என்று பிரித்தார்கள். நபிகள் நாயகத்தின் சொல்லை அறிவிக்க நம்பகமான ஒரு பெண்ணே போதும். பெண் என்பதால் அந்த அறிவிப்பின் எடை குறையாது. நபிகளின் மனைவி அன்னை ஆயிஷாவின் அறிவிப்புகள் 2,210 என்று எண்ணியிருக்கிறார்கள். பிற நபித்தோழர்கள் சொன்னதை அவர் திருத்திய இடங்களைத் திரட்டவே 14ஆம் நூற்றாண்டில் அறிஞர் ஸர்கஷீ ஒரு தனி நூல் எழுதினார்.

11ஆம் நூற்றாண்டு மக்காவில் ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பைப் பாடம் சொன்னவர்களில் பெயர் பெற்றவர் கரீமா அல்-மர்வஸிய்யா. ஹஜ்ஜுக்கு வந்த பேரறிஞர் கதீப் அல்-பக்தாதீயும் அவரிடம் அந்நூலைக் கேட்டார். நர்ஸீ என்ற மாணவர் கரீமாவின் மூலப்படியைப் பார்த்து ஏழு தாள்கள் எழுதினார். தனியாகவே ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ள நினைத்தார். தன்னோடு உட்கார்ந்து ஒப்பிட்டாலொழியக் கூடாது என்று கரீமா மறுத்துவிட்டார். நர்ஸீயும் அப்படியே செய்தார்.

இப்படிப்பட்ட பெண்கள் அறிஞர் குடும்பங்களில் பிறந்த சிலர்தானே என்று கேட்கலாம். பெரும்பாலும் உண்மைதான். ஹிஜ்ரி 2, 3ஆம் நூற்றாண்டுகளில் ஹதீஸ் தேடி ஊர் ஊராக மாதக்கணக்கில் அலைவது கல்வியின் இலக்கணமானபோது, பெண் அறிவிப்பாளர்களின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. ஹதீஸ்கள் நூல்களாக நிலைபெற்று, முதிய ஆசிரியரிடம் சிறுவயதிலேயே கேட்டுவைப்பது பெருமையானதும் அவர்கள் திரும்பி வந்தார்கள். டமாஸ்கஸின் ஆயிஷா பின்த் அப்துல் ஹாதி, நான்கு வயதில் முதிய ஆசிரியர் ஹஜ்ஜாரிடம் புகாரியைக் கேட்டவர். முதுமையில் ஹதீஸ் பேரறிஞர் இப்னு ஹஜருக்கே ஆசிரியரானார். வேதம் மாறவில்லை, கல்வி நடந்த முறை மாறியது.

கேட்டதை ஒப்பிப்பது அதிகாரமாகுமா என்ற இன்னொரு கேள்வி கூர்மையானது. நீதிபதிப் பதவியும் மதரஸாவின் சம்பளப் பேராசிரியர் பதவியும் இவர்களுக்கு எட்டவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நீதிபதி தீர்ப்புக்கு ஆதாரம் காட்டும் நூலின் பாடம் சரியா என்று சொல்லும் உரிமை சிறியதல்ல. 'இஸ்லாம் பெண்ணுக்கு என்ன தந்தது' என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த நூற்றாண்டில், எந்த வாசலில் என்று கேட்க வேண்டும். கடன் பத்திரத்தின் முன் கரீமாவுக்கு இன்னொரு பெண்ணின் துணை தேவைப்பட்டிருக்கும். நர்ஸீயின் ஏழு தாள்களுக்கு அவர் ஒருவரே போதுமாக இருந்தார்.