பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து வந்த மாத்திரை



"வார்ஃபரின் எலி பாஷாணமாமே, நிறுத்திடட்டுமா?" என்று, இதயத்தில் உலோக வால்வு வைத்துக்கொண்ட உறவினர் ஒருவர் போனில் கேட்டார். வாட்ஸ்அப்பில் வந்ததாம். வந்தது பொய்யில்லை, பாதிக் கதை. மீதியைச் சொல்கிறேன்.

1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. கொம்பு அறுத்தாலோ காயடித்தாலோ போதும், முடிந்தது கதை. ஸ்வீட் குளோவர் என்ற தீவனம் ஈரத்தில் பூஞ்சை பிடித்தால்தான் இப்படி ஆகிறது என்று ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு என்ற கால்நடை மருத்துவர் கண்டறிந்தார். ஆனால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்க விவசாயியிடம் காசு ஏது?

1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த கிடாரியையும், பால் கேனில் உறையாத ரத்தத்தையும், அந்தத் தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் சுமார் 300 கி.மீ. ஓட்டி மாடிசனுக்கு வந்தார். கால்நடை அலுவலகம் பூட்டிக் கிடந்தது. திறந்திருந்தது பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகம். "அந்தத் தீவனத்தைப் போடாதீர்கள்" என்பதற்கு மேல் அன்று அவரால் பெரிதாக எதுவும் சொல்ல முடியவில்லை. காரணமான டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தெடுக்க 6 ஆண்டுகள் ஆயின.

அதன் பங்காளிதான் வார்ஃபரின். பெயரின் முன்பாதி, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் அறக்கட்டளையின் முதலெழுத்துகள். (முன்னாள் மாணவர்கள் கவனிக்க!) 1948இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1951இல் சாக நினைத்து அதைத் தின்ற அமெரிக்கப் படைவீரர் ஒருவர், வைட்டமின் கே கொடுத்ததில் பிழைத்துக்கொண்டார். முறிவு இருக்கிறது என்றதும் டாக்டர்களுக்குத் தைரியம் வந்தது. 1954இல் மனிதருக்கு அனுமதி. மறு ஆண்டே மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்கும் கொடுத்தார்கள்.

ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களை ஈரல் வைட்டமின் கே-யைக் கொண்டுதான் தயாரிக்கிறது. பயன்பட்ட வைட்டமினை உடல் புதுப்பித்துத் திரும்பப் பயன்படுத்தும். அந்தப் புதுப்பித்தலை வார்ஃபரின் தடுக்கிறது. ரத்தம் தண்ணீராகிவிடுவதில்லை, உறைய நேரமாகும், அவ்வளவுதான். மாத்திரையைத் தானாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். அளவு மீறினாலோ ஈறு, மூக்கு, குடல், ஏன் மூளையில்கூட ரத்தம் கசியலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கத்தான் ஐ.என்.ஆர். பரிசோதனை. மலம் கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

முருங்கைக்கீரையை விடச் சொல்லவில்லை. அதில் வைட்டமின் கே நிறைய. ஒரு வாரம் தினமும் தின்றுவிட்டு மறுவாரம் தொடாமல் இருந்தால் மாத்திரைக் கணக்கு தப்பும். வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.