லாக்-அவுட் பட்டனின் கதை



"செஷன் எக்ஸ்பயர்டு." இந்த இரண்டு வார்த்தைகளைப் பார்க்காதவர்கள் இன்று நம் மலையில்கூடக் குறைவு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது முக்கால்வாசி நிரப்பியிருப்போம். வருமானச் சான்றிதழின் எண்ணைத் தேடிப் பையைத் துழாவிவிட்டு நிமிர்ந்தால், எல்லாம் அழிந்து மறுபடியும் முதல் பக்கம் வந்து நிற்கும். "சர்வர் சரியில்லை" என்று திட்டிவிட்டு மீண்டும் தொடங்குவோம்.

உண்மையில் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. நாம் எழுந்து போய்விட்டோம் என்று நினைத்து, அது கதவைச் சாத்தியிருக்கிறது. இந்தக் கதவைச் சாத்தும் பழக்கத்துக்கு அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. வகுப்பில் சொல்வதுபோல வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் 1961-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்வி நிறுவனம். அந்தக் காலத்துக் கணினி ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும், விலையோ கோடிக்கணக்கில். கணக்குப் போட வேண்டியவர்கள் துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஃபெர்னாண்டோ கொர்பட்டோ என்பவரின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. ஒரே கணினியோடு தட்டச்சுப் பொறி போன்ற பல முனையங்களை இணைத்து, ஒவ்வொருவருக்கும் நொடியில் சிறு பங்காக நேரத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஐ.பி.எம். 709 என்ற இயந்திரத்தில் 1961 நவம்பரில் அதைச் செய்து காட்டினார்கள். அதற்கு சி.டி.எஸ்.எஸ். என்று பெயர்.

நம் ஊரில் வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போன்றதுதான் இது. ஓடை ஒன்று, வயல் பல. யார் முறை என்று தெரிய வேண்டும். பாய்ச்சி முடித்தவர் மடையை அடைத்துவிட்டுப் போக வேண்டும். கணினியில் "யார் முறை" என்று கேட்பதற்கு வந்தது லாக்-இன், அதற்குச் சாவியாகக் கடவுச்சொல். மடையை அடைப்பதற்கு வந்தது லாக்-அவுட். அதாவது, பலர் ஒரு பொருளைப் பகிர்ந்துகொண்டதால்தான் லாக்-அவுட் பிறந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பகிர்வு வந்தால் தில்லுமுல்லும் வரும் அல்லவா? ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அது போதவில்லை. 1962-இல் அவர் கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சடிக்கச் செய்து, மற்றவர்களின் நேரத்தையும் எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே இதை வெளியில் சொன்னார்.

இரண்டாவது கட்டம், வலைத்தளம். சுவிட்சர்லாந்தில் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் இதற்கான திட்டத்தை எழுதினார். 1993 ஏப்ரல் 30 அன்று சேர்ன் அதை உலகத்துக்கே இலவசமாக்கியது. ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. வலைத்தளத்துக்கு ஞாபக சக்தியே கிடையாது. நீங்கள் ஒரு பக்கம் கேட்டால் கொடுக்கும், கொடுத்ததும் உங்களை மறந்துவிடும். அடுத்த பக்கம் கேட்டால், "நீ யார்?" என்று புதிதாகப் பார்க்கும். ஆராய்ச்சிக் கட்டுரை படிப்பதற்கு அது போதும். கடை நடத்தப் போதாது. கூடையில் போட்ட பொருளை மறந்துபோகிற கடைக்காரரிடம் யார் வியாபாரம் செய்வார்கள்?

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் இளம் பொறியாளர் லூ மாண்டுலி இதற்குத் தீர்வு கண்டார். அதுதான் 'குக்கி'. தின்கிற பிஸ்கட் இல்லை. கணினிக்காரர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட அடையாளத் துணுக்குக்கு 'மேஜிக் குக்கி' என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. அதிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பெரியவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். முன்பு வங்கியில் பணம் எடுக்கப் போனால், காசோலையை வாங்கிக்கொண்டு ஒரு பித்தளை டோக்கன் கொடுப்பார்கள் அல்லவா? அதில் நம் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்த எண் யாருடையது என்பது உள்ளே பேரேட்டில் இருக்கும். காசாளர் எண்ணைக் கூப்பிட்டதும் டோக்கனைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்வோம். குக்கியும் அப்படித்தான். நாம் லாக்-இன் செய்ததும் சர்வர் ஒரு நீண்ட எண்ணைக் கொடுக்கிறது. பிரவுசர் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்துக்கும் காட்டுகிறது. அந்த எண் செல்லுபடியாகும் காலத்துக்குத்தான் 'செஷன்' என்று பெயர்.

டோக்கனை வாங்கிய ஆள் அதைத் திருப்பிக் கொடுக்காமல் போய்விட்டால்? வேறு ஒருவர் கையில் கிடைத்தால் அவரும் காட்டலாமே! வங்கியிலாவது காசாளர் முகத்தைப் பார்ப்பார். வலைத்தளத்தில் முகம் கிடையாது, டோக்கன்தான் முகம். ஆகவே டோக்கனுக்கு ஆயுள் வைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் 1996-இல் கொண்டுவந்த ஏ.எஸ்.பி.யில் 20 நிமிடம். 2000-இல் வந்த பி.எச்.பி. நான்காம் பதிப்பில் 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் 30 நிமிடம். நிரல் எழுதுகிறவர் வேறு எண் எதுவும் கொடுக்காவிட்டால் இவைதான் கணக்கு. பணம் புழங்கும் இடங்களில் இன்னும் கண்டிப்பு. அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான உலகத் தரவிதி, அந்தத் தகவல்களைக் கையாளும் ஊழியர் 15 நிமிடம் சும்மா இருந்தால் மறுபடி அடையாளம் கேட்கச் சொல்கிறது.

மூன்றாவது கட்டத்தில் நாம் வருகிறோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. மேலைநாட்டில் அதற்குள் கணினி வீட்டுப் பொருளாகிவிட்டது. நம்மிடம் அப்படி இல்லை. 1996-இல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயிலில் நம் ஊர்ப் பிள்ளைகள் கணக்குத் தொடங்கியது பெரும்பாலும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துதான். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு கிராமக் கணினி மையங்கள் தொடங்கினார்கள். அங்கேயும் ஊருக்கே ஒரு கணினிதான். இன்றைய இ-சேவை மையமும் அந்த வழியில் வந்ததுதான்.

1961-இல் எம்.ஐ.டி.யில் இருந்த நிலை நாற்பது ஆண்டு கழித்து நம் கிராமங்களில் திரும்பி வந்தது என்பதைக் கவனித்தீர்களா? ஒரு கணினி, பல பேர். அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். ஆகவே லாக்-அவுட் நமக்குத்தான் அதிகம் தேவை.

ரயில் டிக்கெட்டிலும் இதே முறைத் தண்ணீர்க் கணக்குதான். ஐ.ஆர்.சி.டி.சி. 2002 ஆகஸ்டில் இணையம் வழியாக டிக்கெட் கொடுக்கத் தொடங்கியது. 2014 ஏப்ரலில் புதிய அமைப்புக்கு மாறியபோது, ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய பயனாளர்கள் 40,000 என்பது 1,20,000 ஆனது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆனது. எவ்வளவு பெரிதானாலும் எல்லை என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு செஷனும் சர்வரில் கொஞ்சம் இடத்தைப் பிடிக்கும். சும்மா இருப்பவரை வெளியேற்றினால்தான் வரிசையில் நிற்பவருக்கு இடம் கிடைக்கும்.

டோக்கன் திருட்டு எவ்வளவு சுலபம் என்பதை உலகம் 2010 அக்டோபரில் பார்த்தது. எரிக் பட்லர் என்ற நிரலாளர் 'ஃபயர்ஷீப்' என்ற சிறு மென்பொருளை வெளியிட்டார். பூட்டில்லாத பொது வைஃபையில் இதை ஓட்டினால், பக்கத்தில் இருப்பவரின் குக்கியைப் பிடித்து அவருடைய ஃபேஸ்புக் கணக்குக்குள் நுழையலாம். கடவுச்சொல்லே வேண்டாம். திருடச் சொல்லி அவர் அதை வெளியிடவில்லை. நிறுவனங்கள் திருந்த வேண்டும் என்றுதான் வெளியிட்டார். 2011 ஜனவரியில் ஃபேஸ்புக், கணக்கு முழுவதையும் மறையாக்கம் செய்து பயன்படுத்தும் வசதியைக் கொடுத்தது. இன்று முகவரிக்கு முன்னால் எச்.டி.டி.பி.எஸ். என்று இருக்கிறதே, அந்தக் கடைசி 'எஸ்'தான் அந்தப் பூட்டு.

மென்பொருள் துறையில் இருக்கும் என் மாணவர்களுக்கு இங்கே இரண்டு வார்த்தை.

ஒன்று, லாக்-அவுட் பட்டனை அழுத்தினால் பிரவுசரில் உள்ள குக்கியை மட்டும் அழித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். டோக்கனைக் குப்பையில் போட்டுவிட்டுப் பேரேட்டில் எண்ணை அடிக்காமல் விட்டால், நகல் வைத்திருப்பவன் உள்ளே வருவான். சர்வரில் அந்த எண் செத்தால்தான் அது லாக்-அவுட்.

இரண்டு, கதவைச் சாத்தும் முன் குரல் கொடுங்கள். எல்லோர் கையும் உங்கள் கைபோல வேகமாக ஓடாது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால், சில குக்கிராமங்களில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடிக்கும் அம்மாவுக்கும், ஓ.டி.பி. வருவதற்காகத் திண்ணைக்கு எழுந்து போகும் தாத்தாவுக்கும் அதே கடிகாரம்தான் ஓடுகிறது. 2008-இல் வந்த வலை அணுகல்தன்மை வழிகாட்டி, நேரம் முடியும் முன் எச்சரிக்க வேண்டும், ஒரே பட்டனில் நீட்டித்துக்கொள்ள 20 வினாடியாவது கொடுக்க வேண்டும் என்கிறது. அதுவரை நிரப்பியதைச் சேமித்து வைப்பதும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லி, பாதுகாப்பு யாருக்கோ அவரையே விரட்டிவிடக் கூடாது. உதவித்தொகைக்குக் கடைசி நாளில் மூன்று முறை வெளியே தள்ளப்பட்ட பிள்ளைக்கு அது ஒரு வருடப் படிப்பு.

மற்றவர்களுக்கு ஒரு செய்தி. சமவெளியில் படிக்கும் நம் பிள்ளை ஒருத்தி, ஜெராக்ஸ் கடையில் சான்றிதழைப் பிரிண்ட் எடுக்க அங்கிருந்த கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தாள். வேலை முடிந்ததும் பக்கத்தை மூடிவிட்டு வந்துவிட்டாள். தான் திறக்காத செய்திகள் படிக்கப்பட்டிருப்பதை நான்கு நாள் கழித்துப் பார்த்துப் பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள். 2015 ஜனவரியில் வந்த இந்த வசதியில் பக்கத்தை மூடினால் செஷன் முடியாது. போனை 14 நாள் தொடாமல் இருந்தால்தான் தானாக அறுபடும். அவ்வளவு நாள் யார் போனைத் தொடாமல் இருக்கிறார்கள்? 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறக்கச் சொல்லி, அந்தக் கணினியை நீக்க வைத்தேன். ஒரு நிமிட வேலைதான்.

பக்கத்தை மூடுவது வேறு, லாக்-அவுட் வேறு. திரையை அணைப்பது வேறு, லாக்-அவுட் வேறு. கதவை ஒருக்களித்து வைப்பதற்கும் பூட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஆகவே இன்று இரவே இதைச் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் திறந்து, தெரியாத கணினி ஏதாவது இருந்தால் நீக்குங்கள். ஜிமெயிலுக்கு 2008 முதலே, மற்ற இடங்களில் திறந்திருப்பதை இருந்த இடத்திலிருந்தே வெளியேற்றும் வசதி உண்டு. கூகுள் கணக்கில் 'உங்கள் சாதனங்கள்' பகுதியில் பாருங்கள். பொதுக் கணினியில் "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். இ-சேவை மையத்தில் உங்கள் கணக்கைத் திறந்திருந்தால், லாக்-அவுட் ஆனதைக் கண்ணால் பார்த்த பிறகு எழுந்திருங்கள். அது அங்கே உட்கார்ந்திருக்கும் தம்பியைச் சந்தேகப்படுவது ஆகாது. உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்குக் காலியான நாற்காலியைக் கொடுப்பது, அவ்வளவே.

வீட்டில் உள்ள பெரியவர்களின் போனை வாங்கிப் பார்ப்பது பிள்ளைகளின் பொறுப்பு. பார்த்துவிட்டு, எத்தனை இடத்தில் மடை திறந்து கிடந்தது என்று கீழே எழுதுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
பெரக்கரை நாடு, கொல்லிமலை.