கல்தூவ வீடும் கைமாறிய உறுதிகளும்

இலங்கையில் காணி கைமாறுவதாயின் வாய்ச்சொல் போதாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு நொத்தாரிசின் உறுதி வேண்டுமென விதித்தது. ஆதலால், ஒரு வீட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் நாடுவது காணிப் பதிவகத்தையே. ஆயினும், உறுதி சொல்லாத சங்கதிகளும் உண்டு. தென்னிலங்கையின் சிறு பட்டினமாகிய வெலிகமவில், கரையிலிருந்து முழங்காலளவு நீரில் நடந்தே சென்றடையக்கூடிய ஒரு குட்டித் தீவும் அதிலுள்ள வீடும் இதற்கு நல்ல உதாரணம்.

சிங்கள மக்கள் அதனைக் கல்தூவ, அதாவது கல்தீவு என்றே அழைத்தனர். நாகத்தைக் கொல்வதற்கு அஞ்சிய ஊரவர், பிடித்த பாம்புகளைக் கொண்டுசென்று விடும் இடமாக அது இருந்ததென்பது கர்ணபரம்பரைக் கதை. தமிழ் பேசும் முஸ்லிம்களும் சிங்கள மீனவரும் அயலில் வாழ்ந்த அவ்வூரில், எவருக்கும் வேண்டாத பாறையாகக் கிடந்த அத்தீவின்மீது 1920களில் ஒரு பிரெஞ்சுக்காரரின் பார்வை விழுந்தது.

மொரிஸ் தல்வாந்த் என்ற அவர் 1866 இல் பிறந்தவர். தம்மைக் கவுண்ட் டி மொனி எனப் பிரபுப் பட்டத்துடன் அழைத்துக்கொண்டார். அப்பட்டத்துக்கான ஆதாரம் ஐயத்துக்குரியது. 1898 இல் ஆங்கிலப் பிரபு குடும்பத்துப் பெண்ணாகிய மேரி பிங் சீமாட்டியை மணந்தார். அந்த இல்வாழ்வு நிலைக்கவில்லை. இலங்கைக்கு வந்தவர் தளபாடங்கள் வடிவமைப்பதில் ஈடுபட்டார். கல்தூவவை வாங்கி, நடுவே உயர்ந்த மண்டபத்துடன் எண்கோண வடிவில் ஒரு வீட்டை எழுப்பினார். பாறை மீது தோட்டம் வளர்த்தார். கிரேக்கர் இலங்கைக்கு இட்ட பழம்பெயரையே எடுத்துத் தீவுக்குத் தப்ரபேன் எனச் சூட்டினார். அத்தோட்டம் பற்றி 1937 இல் நூலொன்றும் எழுதினார்.

யாழ்ப்பாணத்து வாசகர்கள் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1941 நவம்பரில் அவரது உயிர் பிரிந்தது வெலிகமவில் அன்று. எங்கள் நாவற்குழியிலுள்ள தோட்டமொன்றில். தெற்குக் கடலில் கனவு மாளிகை கட்டியவரின் உடல் யாழ்ப்பாண மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே தீவு ஏலத்துக்கு வந்தது.

1949 இல் இங்கிலாந்தில் நண்பரொருவர் வீட்டில் இத்தீவின் படங்களைக் கண்டு மயங்கியவர் அமெரிக்க எழுத்தாளர் போல் போல்ஸ். மொரோக்கோவின் தாஞ்சியரில் வாழ்ந்த அவர், 1952 இல் அதனை வாங்கினார். 1955 இல் வெளியான 'தி ஸ்பைடர்ஸ் ஹவுஸ்' என்ற நாவலின் ஒரு பகுதி இங்கேதான் எழுதப்பட்டது. ஆனால், அவரது மனைவி ஜேனுக்கு வௌவால்கள் வட்டமிடும் இத்தீவு சற்றும் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே போல்ஸ் அதனை ஷோன் மண்டி என்ற ஐரிஷ் எழுத்தாளருக்கு விற்றார். அதன்பின் இலங்கைக் குடும்பமொன்றின் உடைமையாயிற்று.

இங்கு சட்டமும் குறுக்கிடுகிறது. 1963 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், பிரஜைகளல்லாதோருக்குக் காணி கைமாறுகையில் அதன் பெறுமதிக்குச் சமமான, அதாவது நூறு சதவீத வரியை விதித்தது. 2002 இல் நீக்கப்பட்ட அவ்வரி 2004 இல் மீண்டும் வந்தது. 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டமோ வெளிநாட்டவருக்கான காணி விற்பனையையே பொதுவாகத் தடைசெய்து, 99 ஆண்டுகள் வரையான குத்தகைக்கு மட்டும் வழிவிட்டது. டி மொனியும் போல்ஸும் வந்து வாங்கிய காலம் அத்துடன் முடிந்தது. 1990களில் ஜெஃப்ரி டொப்ஸ் என்ற பிரித்தானிய வர்த்தகர் இத்தீவைக் குத்தகைக்கே பெற்றார். வீடு வசதி படைத்த பயணிகள் தங்கும் இல்லமாயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வெலிகமவைச் சூறையாடியபோது, பாறையின் உயரத்தில் நின்ற வீடு தப்பியது. கரையோரக் குடிசைகளுக்கு அந்தப் பாக்கியம் இருக்கவில்லை.

இவ்வீட்டின் கதையில் பிரபுவும் எழுத்தாளரும் வர்த்தகரும் பெயருடன் வருகின்றனர். கல் சுமந்தவர், மண் கொட்டியவர், கூரை வேய்ந்த தச்சர் எவருக்கும் பெயரில்லை. உறுதி உரித்தாளரை மட்டுமே அறியும்.

இடம்பெயர்ந்தபோது பிள்ளைகளுக்கு அடுத்தபடியாகக் காணி உறுதியைக் கையிலெடுத்து ஓடிய எமது மக்களுக்கு அதன் பெறுமதியை எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தொலைந்த உறுதிக்குப் பதிவகத்தில் பிரதி தேடிப் பெறலாம். முற்றத்துக் கிணற்றை வெட்டியவர் யார், தலைவாசல் கதவைச் செய்த தச்சர் எவ்வூரவர், எந்த மகளின் சீதனத்தோடு வளவு இரண்டாகப் பிரிந்தது என்பவற்றுக்கு அங்கு பிரதி கிடையாது. அவற்றை அறிந்த முதியவர்கள் குறைந்து வருகின்றனர். கனடாவிலோ இலண்டனிலோ உறுதியைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருப்போர், அதனுடன் இந்த விபரங்களையும் கேட்டு எழுதி ஒரு தாளாக வைத்துவிடுவது நல்லது.