முன்பல் இழப்பும் குர்துபா மருத்துவரும்

சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய புறநகர்களில் பல் மருத்துவர்களின் பெயர்ப்பலகைகளில் ‘இம்பிளான்ட்’ என்னும் சொல் இன்று சாதாரணமாகிவிட்டது. 1988-இல் தொடங்கப்பெற்ற சவீதா பல் மருத்துவக் கல்லூரியும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடியில்தான் உள்ளது. பழுதுற்ற முன்பல்லைக் களைந்த அதே அமர்வில், அக்குழியிலேயே டைட்டானியத் திருகைப் பதிக்கும் உடனடிச் சிகிச்சையைச் சிலர் நாடுகின்றனர். ஆயினும் இம்மருத்துவத்தின் வரலாறு வேகத்தைவிட நிதானத்தையே வலியுறுத்தக் காண்கிறோம்.

இழந்த உறுப்பை ஈடுசெய்வது நமக்குப் புதிதன்று. குலாப் போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) பொருத்தியிருந்த வெள்ளி மூக்கில் துர்நாற்றம் எழவே, பொன்னால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இதனைப் பதிவு செய்த இமாம் திர்மிதீ, அறிஞர் பலர் தம் பற்களைப் பொன்னால் கட்டியிருந்ததையும் குறிப்பிடுகிறார். ஆடவர்க்கு அணியாக விலக்கப்பட்ட பொன், தேவையின்போது அனுமதிக்கப்பட்டது.

குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (936–1013), ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் அறுவை மருத்துவம் பற்றிய 30-ஆம் பகுதியில், ஆடும் பற்களைப் பொன் கம்பியால் பிணைப்பதையும், மாட்டெலும்பில் பல் செதுக்கிப் பொருத்துவதையும் விளக்கினார். பல்லைப் பிடுங்க விரையலாகாது என்று எச்சரித்தவரும் அவரே.

அந்த எலும்புப் பல் அண்டைப் பற்களோடு கட்டுண்டு நின்றதேயன்றித் தாடையோடு ஒன்றவில்லை. 1952-இல் சுவீடனின் பிரோனெமார்க், முயலின் கால் எலும்பில் தாம் வைத்த டைட்டானியக் கருவி பிரிக்க இயலாதவாறு எலும்போடு இணைந்திருக்கக் கண்டார். 1965-இல் முதல் நோயாளிக்குத் திருகுகளைப் பதித்தார். அவை எலும்போடு இணையும்வரை பல மாதங்கள் காத்திருந்தார். 1970-களில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஷுல்ட்டே, பல் களைந்த குழியிலேயே பீங்கான் வேரைப் பதித்து அக்காத்திருப்பைக் குறைக்க முயன்றார்.

உடனே பதித்தால் எலும்பு தேயாது என்று பலர் நம்பினர். மேல் முன்பல்லின் உதட்டுப்புற எலும்புச் சுவர் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் மெல்லியது. பல் நீங்கினால் தேயத் தொடங்குவது. திருகு அத்தேய்வைத் தடுப்பதில்லை என்பதை 2004, 2005-ஆம் ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டின. ஈறு மேலேறி, நகைக்கும்போது உலோக நிழல் தெரிய நேரலாம்.

எனவே எலும்புச் சுவர் முழுமையாக இருத்தல், சீழின்மை, திருகு தொடக்கத்திலேயே அசையாது நிற்றல் ஆகியவை பொருந்தினாலன்றி, பல்லைக் களைந்து சில வாரங்கள் பொறுப்பதே நலம். இடைவெளியை நிரப்பும் எலும்புத்தூள் இன்றும் பெரும்பாலும் மாட்டிலிருந்தே பெறப்படுகிறது. அதன்மேல் இடும் படலங்கள் சில பன்றியிலிருந்து பெறப்படுபவை. வேறு வகைகளும் உள்ளமையால், எது பயன்படுத்தப்படும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறிவது நம் கடமையாகும்.